பதினெட்டு என்று எழுதிய கம்பி

இது பதினெட்டு இல்லை என்று விரல் சொல்லிவிட்டது. மகுடேஸ்வரி இன்னும் வாயைத் திறக்கவில்லை. மேசையில் இடமில்லை என்று புருஷன் லோகு அந்த அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து, "சித்த நேரம் புடி அம்மிணி, கடைசிச் சாமான் இதுதான்" என்று அவள் மடியில் வைத்துவிட்டுப் போனான். மடியில் ஏற்கெனவே மகள் அதிரா இருந்தாள். பதினாலு மாதத்துக் கை சும்மா இருக்குமா, மூடியைப் பிய்த்துவிட்டது. உள்ளேயிருந்து கறுப்பு டப்பாவும் அதன் வால் மாதிரி ஒரு கத்தை ஒயரும் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தன. அதை உள்ளே தள்ளத்தான் அவள் ஒயரைப் பிடித்தாள், வேறு எண்ணமே இல்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மஞ்சள் ஒயர் ஒரு தடவை உருண்டது, அவ்வளவுதான். மேலே ரப்பர் தடியாக இருந்தது, உள்ளே செம்பு நோஞ்சானாக இருந்தது. வெள்ளரிக்காய் என்று வாங்கி நறுக்கினால் முக்கால்வாசி தோலாக இருக்குமே, அப்படி. ஒயர் மேல் எறும்பு எழுத்தில் 18 என்று அச்சடித்திருந்தது. எட்டாவது வரை படித்தவள், எண்ணை வாசிக்க மாட்டாளா? கண்ணைச் சுருக்கி இன்னொரு தடவை வாசித்தாள். பதினெட்டுதான். விரலால் இன்னொரு தடவை உருட்டினாள். இருபத்திரண்டு. கம்பிக்கு நம்பர் ஏற ஏற உடம்பு மெலியும். கண் ஒன்று சொல்ல, விரல் ஒன்று சொல்ல, இரண்டுக்கும் நடுவில் அவள் காந்திபுரத்தில் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் மாடிக்கடை ஒன்றின் மூலையில், பிளாஸ்டிக் ஸ்டூலில், புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே கடைக்காரர் நவ்ஷாத் ஒற்றை விரலால் கம்ப்யூட்டரில் பில் தட்டிக்கொண்டிருந்தார். ஒரு சாமான் பேரை வாய்விட்டுச் சொல்வார், பிறகு எழுத்தெழுத்தாய்த் தேடித் தட்டுவார். "பிராசசர் ஒண்ணு... ஆச்சு." அவர் தலைக்கு மேல் பலகை தொங்கியது. விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படமாட்டாது. ஏழு சாமான், ஒன்று முடிந்துவிட்டது. ஏழாவது அவள் மடியில் இருக்கிறது. அதைத் தட்டி முடிப்பதற்குள் சொன்னால்தான் உண்டு.

யாரிடம் சொல்வது, என்னவென்று சொல்வது? லோகுவைப் பார்த்தாள். மேசை முன்னால் கைகட்டிக்கொண்டு நின்றான். கணபதியில் லேத்துப் பட்டறையில் பத்து வருஷம் மெஷினுக்கு முன்னால் நின்று நின்று, கடையில் நின்றாலும் அதே நிலைதான், காலை அகட்டி, தாடையை இறக்கி, எதிரில் இருப்பது எந்நேரமும் சுற்ற ஆரம்பித்துவிடும் என்பது போல. எட்டு மாதம். ஒரு கம்ப்யூட்டரைக் கடையில் போய் முழுசாக வாங்கிவிடலாம், அரை மணி வேலை. ஆனால் அவன் தனித்தனியாக வாங்கித் தானே பூட்டப் போகிறான். அப்படிச் செய்தால்தான் ஐம்பத்தைந்தாயிரத்துக்குள் நல்லதாக அமையுமாம், தவிரவும் தன் கையால் பூட்டாததை எப்படி நம்புவது என்பான். ஷிப்டு முடிந்து வந்து, குளித்து, அதிராவைத் தொடையில் போட்டு ஆட்டிக்கொண்டே செல்லில் பார்ப்பான், நோட்டில் எழுதுவான். பட்டறையில் கணக்குப் போடும் அதே நோட்டு, பின்பக்கத்திலிருந்து. எந்த பிராசசருக்கு எந்த மதர்போர்டு, எந்தப் போர்டில் எந்த ராம் உட்காரும், இது சூடாகுமா, அதற்கு எவ்வளவு காற்று. அவளுக்கும் சொல்வான். அரிசி களைந்துகொண்டே கேட்டுக்கொள்வாள். புரிந்ததா என்று அவன் கேட்டதில்லை, அதனாலேயே அவளுக்குப் புரிந்தது. இத்தனைக்கும் எதற்கு? லாரி ஓட்ட. ஆமாம், விளையாட்டில் லாரி ஓட்ட. பழனிக்கு அந்தப்பக்கம் போகாத மனிதன், ஏதோ ஒரு தேசத்து மலைப்பாதையில் பதினாறு சக்கர வண்டியைக் கீறல் விழுந்த செல்லில் ஓட்டுவான். ஆக்சிலேட்டரைக் கட்டைவிரலால் தொடுவான், அமுக்க மாட்டான். வளைவு வந்தால் அவன் தோளும் வளையும். ஒரு நாளும் இடித்து அவள் பார்த்ததில்லை. கூட வேலை செய்கிறவர் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய கம்ப்யூட்டரில் அதே விளையாட்டைப் பார்த்துவிட்டு வந்து, "பனி பேயுது அம்மிணி, கண்ணாடில விழுந்து கரையுது" என்றான். அதைச் சொல்லும்போது அவன் முகம் எப்படி இருந்தது! மாமியாருக்குத்தான் பொறுக்கவில்லை. "பொட்டப்புள்ளயப் பெத்து வெச்சுட்டு, அப்பன்காரன் வெளையாட்டுச் சாமான் வாங்கறானாமா" என்று தண்ணிக் குடத்தை இறக்கும்போதெல்லாம் சேர்த்து இறக்குவார். மகுடேஸ்வரி ஒன்றும் சொல்ல மாட்டாள். மனசுக்குள் சொல்வாள், நன்றாகவே சொல்வாள். குடிக்கிறாரா, சீட்டாடுகிறாரா, கட்டின நாளிலிருந்து தனக்கென்று ஒரு பனியன் கேட்டிருக்கிறாரா? முதல் முறையாக ஒன்றை ஆசைப்பட்டார், அதையும் படித்துத் தேறி ஆசைப்படுகிறார். வாய்க்குள்ளேயே சொல்லி வாய்க்குள்ளேயே விழுங்குவாள்.

"மதர்போர்டு... ஆச்சு. ஏங்ணா, பேருல நாதன் போடட்டுமா, லோகுன்னே போடட்டுமா?" என்று நவ்ஷாத் கேட்டார். "லோகநாதன்னே போடுங்க பாய், வாரண்டிக்கு வேணும்ல" என்றான் லோகு. இரண்டு ஆகிவிட்டது. மேசை மேல் சாமான்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன, என்ன அழகு. நிஜமாகவே அழகு, யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். அந்தப் பிராசசர், உப்பு பிஸ்கட் அளவுகூட இல்லை. லோகு அதன் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து, திருநீறு வாங்குகிற மாதிரி மூச்சை அடக்கிக்கொண்டு அவளுக்குக் காட்டினான். "இதுதான் மூளை, தொட்றாத." அவள் எங்கே தொடப்போகிறாள். மதர்போர்டில் தங்க நிறத்தில் கோடுகள், ஒன்றோடொன்று முட்டாமல், ஒன்றையொன்று தாண்டாமல், எறும்புச் சாரி போவது மாதிரி. அதைப் போட்டவர்கள் யாரோ, எந்த ஊர்ப் பொம்பளைகளோ, அவர்களுக்கும் இடுப்பு வலித்திருக்கும் என்று நினைத்தாள். பிராசசரோடு சேர்ந்து வந்த, சூடு தணிக்கிற அந்தத் தகட்டுக் கட்டு, சீப்புப் பல் மாதிரி நெருக்கம், நடுவே செம்புக் குழாய் வளைந்து போகிறது. செம்பு என்றால் அவளுக்கு அது மனிதர் மாதிரி. கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம், மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் சுற்றும் பட்டறையில் இருந்தாள். கம்பெனி மோட்டாரும் வரும், கிணற்றிலிருந்து எரிந்துபோய்ப் பழுதுக்கும் வரும். எரிந்த மோட்டார் உள்ளே வரும்போதே வாசனை முன்னால் வரும், வார்னிஷ் கருகிய வாசனை, மூக்கில் ஏறி இரண்டு நாள் சோறு இறங்காது. உள்ளே பார்த்தால் செம்பு கறுத்து, கூந்தல் பொசுங்கின மாதிரி. கோடையில் கரண்டு குறையும்போதுதான் அதிகம் வரும். கம்பி தாங்குகிற அளவுக்கு இருந்தால் தாங்கும். மெலிந்த கம்பியானால் சூடேறி, சூடேறி, ஒரு நாள் போகும், போகும்போது தனியாகப் போகாது. பக்கத்தில் இருக்கிறதையும் இழுத்துக்கொண்டு போகும். அந்தப் பிராசசர், அந்தத் தங்கக் கோடுகள், எட்டு மாதம். அவர்கள் குடியிருக்கும் லைன்வீட்டில் சாயங்காலமானால் டியூப்லைட் கண்ணைச் சிமிட்டும், மிக்சி அழும். இந்தக் கறுப்பு டப்பாதான் சுவரிலிருந்து வரும் கரண்டை வாங்கி எல்லாவற்றுக்கும் பங்கு வைக்கப்போகிறது. அடுப்படியில் நின்று எல்லாருக்கும் சோறு போடுகிறவள் மாதிரி. எஸ்எம்பிஎஸ் என்று லோகு சொல்லிக் கேட்டுக் கேட்டு அவளுக்குப் பாடம். நோட்டில் அந்த வரியை மட்டும் அவன் மூன்று தடவை அடித்து அடித்துக் குறைத்திருந்ததும் தெரியும். பழனியில் அதிராவுக்கு மொட்டையடித்துக் காது குத்தியபோது ஒரு தடவை. திரையில் படம் காட்டுகிற கிராபிக்ஸ் கார்டு விலை ஏறியபோது இரண்டு தடவை. மற்ற எதிலும் கைவைக்க மனசு வரவில்லை அவனுக்கு. கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே கிடக்கப்போகிற சாமானில்தான் வைத்தான். யாராயிருந்தாலும் அங்கேதான் வைப்பார்கள். அவளும் சீலை நன்றாக எடுத்துவிட்டு உள்பாவாடையில்தான் மிச்சம் பிடிக்கிறாள்.

சொல்லிவிடலாம். "ஏனுங்க" என்று ஒரு வார்த்தை, அவர் திரும்புவார். திரும்பினால்? என்னவென்று கேட்பார். கம்பி மெலிசு என்று சொல்லவேண்டும். எப்படித் தெரியும் என்று நவ்ஷாத் பாய் கேட்பார். விரலுக்குத் தெரிந்தது என்பாளா? அங்கே கீபோர்டு பார்த்துக்கொண்டு நிற்கிறார்களே இரண்டு காலேஜ் பையன்கள், விளக்கெரியும் கீபோர்டை டொக்கு டொக்கென்று தட்டிக்கொண்டு, அவர்கள் திரும்புவார்கள். திரும்பினால் அவள் மென்னி சிவந்துவிடும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எப்போதும் அப்படித்தான். பஸ்ஸில் "எறக்கம்" என்று ஒரு சொல், ஊரில் கைக்குழந்தைகூடச் சொல்லும். அதைச் சொல்ல வாய் வராமல் ஒரு நாள் தன் ஸ்டாப் போவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அடுத்த ஸ்டாப்பில் வேறு யாராவது இறங்குவார்கள் என்று பார்த்தாள், இறங்கவில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. கடைசியில் கருமத்தம்பட்டியில் எல்லாரும் இறங்கினார்கள், அவளும் இறங்கினாள், வேலை இருப்பவள் மாதிரி கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, பிறகு எதிர்ப்பக்கம் போய் நின்றாள். வீட்டில் கேட்டபோது பஸ் பிரேக்டவுன் என்றாள். அப்பேர்ப்பட்டவள் இந்தக் கடையில், இத்தனை ஆம்பளைக்கு நடுவில், எட்டு மாதம் படித்த புருஷனிடம், நீங்கள் எடுத்தது சரியில்லை என்று சொல்வாளா? அதுதான் தடுக்கிறது. வெட்கம்கூட இரண்டாவதுதான். அவர் முகம் சுருங்கும். பாய்க்கு முன்னால் இவ்வளவு நேரம் ஒவ்வொரு சாமானின் நம்பரையும் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டு வந்த மனிதன். "எல்லாம் கரெக்டா கேக்கறீங்ணா, என் கடையில வந்து இப்படிக் கேட்டவங்க கம்மி" என்று பாய் சொன்னபோது இவர் காது பின்பக்கம் நகர்ந்தது, சந்தோஷம் வந்தால் அப்படித்தான் நகரும். அதை அவள் கையாலேயே... விரல் பொய் சொல்லியிருந்தால்? மூன்று வருஷமாகக் கம்பி தொடாத விரல், பாத்திரம் தேய்த்தும் துணி துவைத்தும் தடித்த விரல். மோட்டார் வேறு, இது வேறு. சும்மா இரு. குழந்தையைப் பார். அதிரா ஒயரின் நுனியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். பிடுங்கினாள்.

"ராம் ரெண்டு... எஸ்எஸ்டி ஒண்ணு... ஆச்சு, ஆச்சு." இந்த மனிதருக்கு இப்போது பார்த்தா கை ஓடவேண்டும்? கேபினெட்டும் ஆகிவிட்டால் கார்டு, அப்புறம் இதுதான். டப்பாவைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டால் நினைப்பும் மூடிக்கொள்ளும் என்று அதை இரண்டு கையாலும் தூக்கினாள். தூக்கியவள் அப்படியே நிறுத்தினாள். கனமாகத்தான் இருந்தது, நல்ல கனம். ஆனால் ஒருக்களித்துக் கனத்தது. ஒரு மூலை மட்டும் கீழே கீழே போனது, மற்ற மூன்றும் காற்று. காயில் உள்ளே இருந்தால் கனம் பரவி நிற்கும், தூங்குகிற குழந்தை தோளில் கிடக்கிற மாதிரி. இது அப்படி இல்லை, பையில் போட்ட கல் மாதிரி. இப்படி ஒன்றை அவள் ஒரே ஒரு தடவை தூக்கியிருக்கிறாள். அன்னூர்ப்பக்கத்து விவசாயி ஒருத்தர் புது மோட்டார் என்று, மூன்றே மாதத்தில் எரிந்துவிட்டது என்று கொண்டுவந்தார். தூக்கி மேடையில் வைத்தபோது இதே மாதிரி ஒருக்களித்தது. பிரித்தால் செம்பு பாதிதான், கனத்துக்கு அடியில் ஒரு இரும்புப் பட்டை வைத்துப் பற்றவைத்திருந்தான் எவனோ. கையில் தூக்கிப் பார்த்து வாங்குகிறவரை ஏமாற்றுவதற்கென்றே வைத்த இரும்பு. அந்த மனிதர் அதைப் பார்த்துவிட்டுத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார், வியர்வையே இல்லாத முகத்தை. லோகுவிடம் அப்படி ஒரு துண்டு இல்லை. அந்த நினைப்புத்தான், வேறெதுவும் இல்லை, அவளை ஸ்டூலிலிருந்து எழுப்பியது. எழுந்துவிட்டாள் என்பதே எழுந்த பிறகுதான் தெரிந்தது.

"கார்டு ஒண்ணு..." என்றார் நவ்ஷாத்.

"ஏனுங்க."

சத்தம் அவளுக்கே கேட்கவில்லை. லோகுவுக்குக் கேட்டது. லேத்துச் சத்தத்தில் பத்து வருஷம் இருந்த காது, அவள் குரலை மட்டும் எப்படித்தான் பிரித்து எடுக்குமோ. திரும்பினான். "என்ன அம்மிணி, புள்ளைக்குப் பசிக்குதா?"

"இல்லீங்க." டப்பாவை நீட்டினாள். "இந்த ஒயரு... பதினெட்டு இல்லீங்க. மேல ரப்பர்தான் தடியா இருக்குது. இருபத்திரண்டுதான் தேறும்." இவ்வளவு சொல்லிவிட்டாள், இனி மிச்சத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய. "கனமும் ஒரே மூலையில நிக்குதுங்க. உள்ள என்னமோ வெச்சிருக்கான்."

கீபோர்டு டொக்கு டொக்கு நின்றுவிட்டது. பையன்கள் திரும்பினார்கள். மென்னி சிவந்தது, நினைத்தபடியே. நவ்ஷாத் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். கோபம் இல்லை, சிரிப்புத்தான். "யக்கா, இது கெணத்து மோட்டார் இல்லீங்க. இந்த டப்பா மாசம் இருவது ஓடுது, ஒருத்தரும் ஒண்ணும் சொன்னதில்ல. ஏங்ணா, நீங்களே சொல்லுங்க, நீங்கதான் இத்தனை படிச்சுட்டு வந்திருக்கீங்க."

அவள் லோகுவின் முகத்தைத்தான் பார்த்தாள். சுருங்கப்போகிறது, இதோ, இப்போது. அவன் டப்பாவை வாங்கினான், ஒயரை உருட்டிப் பார்த்தான், அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. இரும்பைத் தொட்டால் சொல்லுவான், மயிரிழை வித்தியாசம் சொல்லுவான், செம்பு அவன் கைக்குப் பழக்கமில்லை. டப்பாவை மேசையில் வைத்தான். அவளை ஒரு தடவை பார்த்தான். பிறகு நவ்ஷாத்திடம், "பாய், இது வேண்டாம். வேற எடுங்க" என்றான்.

"அண்ணா, அதுக்கு மேல போனா ரெண்டாயிரத்து ஐநூறு சேத்தி ஆகும். உங்க கணக்குல எடம் இல்லைன்னு நீங்கதான் சொன்னீங்க."

"ஆமாங்க."

"யக்கா ஒயரைத் தொட்டுச் சொல்றாங்கன்னு..."

"ஆறு வருசம் காயில் சுத்துனவ பாய் அவ. நான் நோட்டுல படிச்சதுதான். அவ தொட்டுப் பாத்துச் சொல்றா."

நவ்ஷாத் இருக்கையை விட்டு எழுந்தார். "இருங்ணா. வித்தாச்சுன்னா உங்க சாமான், இப்ப என் சாமான். நானே பாத்துடறேன், எனக்கும் தெரியணும்ல." திருப்புளியை எடுத்து சீல் ஸ்டிக்கரைக் குத்திக் கிழித்தார். ஐயோ, நல்லதாக இருந்துவிட்டால்? அந்தக் காசும் நம் தலையில்தானே. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் நாலு திருகும் கழன்று மூடி வந்துவிட்டது. உள்ளே பச்சை அட்டை, இரண்டு மெலிந்த தகடு, பொட்டாட்டம் ஒரு காயில். மூலையில், பசை போட்டு ஒட்டி, சோப்புக்கட்டி அளவில் ஒரு இரும்புத் துண்டு. எதனோடும் சேராமல், ஒரு வேலையும் இல்லாமல், கனத்துக்கென்றே உட்கார்ந்திருந்தது. பையன்களில் ஒருவன் "மச்சி, கல்லு வெச்சிருக்காண்டா" என்று செல்லில் படம் எடுக்க வந்தான். நவ்ஷாத் அவனைப் பார்த்த பார்வையில் செல் பாக்கெட்டுக்குள் போனது. அவர் அந்தத் துண்டைத் திருப்புளியால் நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். "மாசம் இருவது" என்றார் தனக்குத்தானே. "சப்ளையருக்கு இன்னைக்கு இருக்குது." பிறகு உள்ளே போய் மூன்று பெட்டிகளைக் கொண்டுவந்து மேசையில் அவள் பக்கமாக வைத்தார். "பாருங்க யக்கா. நீங்க கைவெச்சுக் குடுக்கறதுதான் பில்லுல ஏறும்."

அதிராவை லோகு வாங்கிக்கொண்டான். மகுடேஸ்வரி ஒவ்வொன்றாகத் தூக்கினாள். முதலாவதில் கனம் பரவியிருந்தது, ஒயர் சுமார். இரண்டாவது ஒயரை வளைத்துவிட்டால் வளைத்தபடி நின்றது, நல்ல செம்பின் குணம். ஆனால் பெட்டி மேல் விலை மற்ற இரண்டையும்விட ஆயிரத்து ஐநூறு கூடுதல். மூன்றாவதைத் தூக்கியபோது கை தானாகவே தாழ்ந்து நின்றது, உருட்டினால் விரலுக்கு நடுவே பதினெட்டு பதினெட்டாகவே இருந்தது. அப்பாடா என்று இருந்தது, எத்தனை நாள் கழித்து. யார் சுற்றினார்களோ, நன்றாக இருக்கட்டும். "இதுங்க" என்றாள். பையன்கள் பார்க்கிறார்களா என்று பார்க்க மறந்துபோனாள். நவ்ஷாத் விலையைப் பார்த்துச் சொன்னார், இரண்டாயிரத்து எழுநூறு சேத்தி. தன் பங்குக்கு எழுநூறைத் தள்ளினார். மிச்சம் இரண்டாயிரம். லோகு கார்டுப் பெட்டியை எடுத்தான், எட்டு மாதம் நோட்டில் எழுதி எழுதி வைத்திருந்த அந்த நம்பர் போட்ட பெட்டியை. இரண்டு கையாலும் நவ்ஷாத்திடம் திருப்பிக் கொடுத்தான். "இதுக்கு அடுத்த சின்னது போதும் பாய்." குரலில் ஒன்றும் இல்லை. ஆனால் பெட்டி கையை விட்டுப் போன பிறகும் கை அதே அகலத்தில் ஒரு கணம் நின்றதை அவள் பார்த்துவிட்டாள். தான் வாய் திறந்ததால்தானே என்று நினைத்தாள். திறக்காமல் இருந்திருந்தால் என்றும் நினைத்தாள். இரண்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருக்கும்போதே, அவன் பக்கமாக ஒரு அடி நகர்ந்து, மெதுவாக, "அடுத்த வருசம் அந்தக் கார்டு வாங்கி மாத்திக்கலாம்தானுங்க?" என்றாள்.

லோகு மேசை மேலிருந்த மூன்றாவது டப்பாவைப் பார்த்தான். "பெரிய கார்டு நெறைய கரண்டு இழுக்கும். இது தாங்குமா?"

பதில் சொல்லத்தான் நவ்ஷாத் வாயைத் திறந்தார். லோகு அவரைப் பார்த்துக் கேட்கவில்லை என்று கண்டதும் மூடிக்கொண்டு, கீபோர்டில் அடுத்த எழுத்தைத் தேட ஆரம்பித்தார்.

மகுடேஸ்வரி அவசரப்படவில்லை. ஒயரை இன்னொரு தடவை விரலுக்கு நடுவில் எடுத்து, நிதானமாக உருட்டிப் பார்த்தாள்.

"தாங்கும்" என்றாள்.